படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு வீட்டிலேயே மிஷினில் முடி வெட்டுவது எப்படி?

பாலக்கோடு பக்கம் கிராமம். அப்பாவுக்கு 71 வயது, பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது, வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் தெளிவில்லை. வழக்கமாக வீட்டுக்கு வந்து வெட்டிவிட்டுப் போனவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். மூன்று மாத முடி சேர்ந்துவிட, நீங்களே மிஷின் வாங்கி வெட்டிப் பார்த்திருக்கிறீர்கள். மிஷின் முடியைப் பிடித்து இழுத்தது, அப்பா கையைத் தட்டிவிட்டார், பின்னந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சொட்டை விழுந்துவிட்டது. எந்த நம்பர் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பரை ஒரு வரியில் சொல்லிவிடலாம், சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால், அவருக்கு வலிக்காமல், இன்னொரு முறை அவர் பயப்படாமல், இந்த வேலையை என் கையால் செய்ய முடியுமா என்றுதான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முடியும். பயப்படாதீர்கள்.

நான் தர்மபுரியில் 27 வருஷமாக சலூன் வைத்திருக்கிறேன். அப்பாவும் தாத்தாவும் இதே தொழில்தான். தாத்தாவுக்குக் கடை கிடையாது. கத்தி, கத்தரி வைக்கும் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் உட்காரவைத்து வெட்டியவர். செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கடை விடுமுறை. பல வருஷங்களாக அந்த நாளில் நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, வெறும் மூப்பு என்று எல்லா வகையும் பார்த்திருக்கிறேன். செவ்வாயில் முடி எடுக்கக் கூடாது என்று சொல்லும் வீடுகளுக்குப் புதன்கிழமை விடிகாலையில் போவேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. முடி, பிளேடு, மிஷின், தோலைப் பிடிக்கும் விதம், இவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் அப்படியே நம்பலாம். நோயைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த வீடுகளுக்கு வரும் நர்சுகளும் டாக்டர்களும் எனக்குச் சொன்னது. அதை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் அந்தச் சொட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். முள்முள்ளாகக் குட்டை முடி கையில் தட்டினால் அது மிஷின் செய்த வேலை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், மூன்று நான்கு வாரத்தில் அந்த இடம் தெரியாது. அதைச் சரி செய்கிறேன் என்று சுற்றி வெட்டப் போகாதீர்கள், சொட்டை பெரிதாகும். வழவழவென்று முடியே இல்லாமல் வட்டமாக இருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். நீண்ட முடிக்குள் மறைந்திருந்தது வெட்டியதும் வெளியே தெரிந்திருக்கும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தோல் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது.

ஏன் இழுத்தது? மிஷின் வெட்டும் முறை தெரிந்தால் இது புரிந்துவிடும். முனையில் இருப்பது ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும் இரண்டு இரும்புச் சீப்புகள். தோலில் படுவது அசையாது, மேலே இருப்பது இடமும் வலமும் ஓடும். பல் இடுக்கில் நுழையும் முடி இரண்டுக்கும் நடுவே கத்தரியில் மாட்டியது போல அறுபடும். அறுப்பதற்கு முன்னால் நாம் மிஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால், பாதி அறுந்த முடியைப் பிடித்துக்கொண்டே மிஷின் நகரும். உங்கள் அப்பாவுக்கு வலித்தது அதனால்தான். முடி நீளமாக இருந்தாலும், தலையில் எண்ணெய் இருந்தாலும், பிளேடு வறண்டிருந்தாலும், சார்ஜ் இறங்கியிருந்தாலும் இதே கதைதான். உங்கள் விஷயத்தில் முடி நீளமும் எண்ணெயும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் படுத்திருப்பவர்களுக்குச் சூடு தணியட்டும் என்று நம் வீடுகளில் தினமும் எண்ணெய் வைப்போம். எண்ணெய்த் தலையில் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும், வெட்டிய துண்டு பல்லுக்குள் பசை போல அடைத்துக்கொள்ளும். முந்தின நாளே சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசி, நன்றாகக் காயவிட்டு, மறுநாள் வெட்டுங்கள். ஈர முடியிலும் மிஷின் போடாதீர்கள். ஈரத்தில் முடி தலையோடு படிந்துவிடும், சீராக வெட்டுப்படாது, பிளேடும் துருப்பிடிக்கும்.

அப்புறம் நீங்கள் வாங்கியது எந்த மிஷின் என்று பாருங்கள். தாடிக்கான டிரிம்மரும் தலைக்கான மிஷினும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிளேடு நான்கு சென்டிமீட்டர் அகலமாக, கைக்கு அடக்கமான கனத்தோடு இருந்தால் அது தலைக்கானது. அதைவிடக் குறுகலாக, இலேசாக இருந்தால் தாடிக்கானது. தாடி டிரிம்மரில் தலை வெட்டவே முடியாது என்று இல்லை. ஆனால் அதிக நேரம் ஆகும், மோட்டார் திணறும், நடுவில் சார்ஜ் தீரும். அப்பா அவ்வளவு நேரம் உட்கார மாட்டார். டிரிம்மர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு நாள் பின்பக்கம், மறுநாள் பக்கவாட்டும் மேலும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வயரில் ஓடும் மிஷின் என்றால் இன்னொன்று. பழைய மாதிரி காந்த மிஷின்களில் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்குப் பிளேடு நொடிக்கு 100 தடவை அடிக்கும். வோல்டேஜ் இறங்கினால் அடிக்கும் எண்ணிக்கை குறையாது, ஒவ்வொரு அடியும் குட்டையாகிவிடும். சத்தம் வழக்கம்போல வரும், வெட்டு மட்டும் விழாது. சாயங்காலம் ஊரே மோட்டாரும் டிவியும் போடும் நேரத்தில் கிராமங்களில் இது அடிக்கடி நடக்கும். காலை பத்து மணிக்கு மேல் வெட்டுங்கள், வெளிச்சத்துக்கும் அதுதான் நல்லது. அந்த மிஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்குரு இருக்கும். மிஷின் கடகடவென்று அலறினால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், சத்தம் அடங்கி ஒரே சீரான ரீங்காரம் வரும் இடத்தில் விடுங்கள். பார்லர் சத்தமே பழகாத பெரியவருக்கு அந்த அலறல் பாதி பயம்.

பிளேடுக்கு எண்ணெய் விடுவது கட்டாயம். மிஷினோடு ஒரு சின்னக் குப்பியில் வந்திருக்கும். தீர்ந்திருந்தால் தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நம் பக்கம் மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னும் மோசம். பிளேடுக்கு நடுவிலும் அது அப்படித்தான் உறையும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். மிஷினை ஓடவிட்டு, பல்லின் மேல் இரண்டு மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டு விட்டு, அரை நிமிஷம் கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். அப்போதே பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே ஓடும் பல் வரிசை, கீழே அசையாத பல் வரிசைக்கு ஒரு மயிரிழையாவது பின்னால் இருக்க வேண்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் தோலைக் கடிக்கும். கீழே விழுந்த மிஷினில் இது அடிக்கடி நகர்ந்துவிடும்.

சரி, நம்பருக்கு வருகிறேன். பெரிய மிஷின்களில் நம்பர் என்பது முனையில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்பின் உயரம். ஒன்றாம் நம்பர் 3 மில்லிமீட்டர் முடி விடும், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13, கடைசியில் எட்டாம் நம்பர் 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். டிரிம்மராக இருந்தால் நேரடியாக மில்லிமீட்டரிலேயே போட்டிருப்பார்கள். இதை வைத்துக் குழம்பாதீர்கள், டிரிம்மரில் 4 என்று இருந்தால் அது 4 மில்லிமீட்டர், நான்காம் நம்பர் இல்லை. உங்கள் அப்பாவுக்கு முதல் தடவை தலை முழுக்க நான்காம் நம்பர். முடித்துப் பார்த்துவிட்டு, பக்கமும் பின்னாலும் இன்னும் குறைய வேண்டும் என்று அவர் காட்டினால் மூன்று. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே நீளத்தில் சீராக இருக்கும் தலை எந்த வயதுக்கும் லட்சணமாக இருக்கும். கடையில் நாங்கள் கீழே குட்டையாகத் தொடங்கி மேலே போகப் போக நீளம் விடுவதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருப்பவர்களுக்கு. அதை இங்கே முயற்சி செய்ய வேண்டாம்.

சொட்டை விழுந்ததற்கும் காரணம் பெரும்பாலும் இந்தச் சீப்புதான். சரியாக மாட்டாத சீப்பு நடுவில் கழன்று விழும், கை நிற்பதற்குள் வெறும் பிளேடு தலையில் இறங்கிவிடும். டக் என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள், இழுத்துப் பாருங்கள். சீப்பு உறுதியாக இருக்கும்வரை மிஷினால் தோலை வெட்ட முடியாது. நீங்கள் தைரியமாக இருக்க இது ஒன்றே போதும்.

அப்பாவை உட்காரவைக்க முடியுமா என்பது அடுத்தது. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில், வலது பக்கம் விலாவுக்கும் கைக்கும் நடுவில் தலையணை கொடுத்து, எதிரில் வேறொருவர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டால் பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கும். சாப்பிட்டவுடனே வேண்டாம், சிறுநீர் போய்விட்டு வந்த பின் உட்காரவையுங்கள். கழுத்தில் மெல்லிய துண்டைச் சுற்றி, அதன் மேல் பழைய வேட்டியைப் போடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், விழுங்கவும் மூச்சு விடவும் சிரமப்படுபவருக்குக் கழுத்துக் கட்டு திகிலூட்டும். விழுங்குவதில் தடங்கல் இருக்கிறவர் வாயில் முடித்துண்டு விழக்கூடாது, நெற்றிப் பக்கம் வெட்டும்போது முகத்துக்கு முன்னால் ஒரு துணியைக் குடை மாதிரி பிடிக்கச் சொல்லுங்கள்.

உட்காரவே முடியாது என்றால் படுக்கையிலேயே செய்யலாம், நான் செய்த வீடுகளில் பாதி அப்படித்தான். தலைக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய புடவை. ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலே தெரியும் பாதியை வெட்டிவிட்டு, அவரைத் திருப்பி மறுபாதி. வலது தோளை அடியில் போட்டுப் படுக்கவைக்கும்போது அந்தத் தோளைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிடச் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்குக் காட்டினார். கையைப் பிடித்து இழுத்துத் திருப்பக் கூடாது என்றும் சொன்னார். முடி குறைந்ததும் பின்னந்தலையையும் காது மடல்களின் பின்புறத்தையும் நன்றாகப் பாருங்கள். வெகுநாள் ஒரே பக்கம் படுத்தவர்களுக்கு அங்கேயும் படுக்கைப் புண் தொடங்கும். விரலால் அழுத்தி எடுத்தும் மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு நர்சிடம் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். படுத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து புண் பார்ப்பது, பிசியோதெரபி கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. கொடுக்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி வெட்டுவது. மிஷினைப் பிடிப்பது வலது கை, வேலை செய்வது இடது கை. இதைத்தான் என் அப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தார். முதல் ஆறு மாதம் என் கையில் மிஷினே தரவில்லை, அவர் வெட்டும்போது தலையைப் பிடிப்பது, காதை மடக்குவது, பிடரித் தோலை விரிப்பது மட்டும்தான் என் வேலை. உங்கள் இடது கை எப்போதும் அவர் தலையின் மேல் இருக்க வேண்டும். தலை ஆடினால் உங்கள் கையும் கூடவே ஆடும், மிஷினை எடுத்துவிட நேரம் கிடைக்கும். தவிர, எங்கே இருக்கிறோம், யார் தொடுகிறார்கள் என்று அவருக்கு அந்தக் கை சொல்லிக்கொண்டே இருக்கும்.

தொடங்கும் முன் மிஷினை அவர் முகத்துக்கு நேரே காட்டுங்கள். ஓடவிட்டு, பிளேடு படாமல் அதன் முதுகுப் பக்கத்தை அவருடைய இடது உள்ளங்கையில் வையுங்கள். அந்த அதிர்வு கைக்குப் பழகட்டும். அப்புறம் தோளில் வையுங்கள். அப்புறம்தான் தலை. பேச்சு தெளிவில்லை என்றால், போதும் என்பதற்கு இடது கையைத் தூக்கச் சொல்லிவைத்து, அவர் தூக்கியவுடனே நிறுத்திக் காட்டுங்கள். ஒரு தடவை அப்படி நிறுத்திவிட்டால் அதன் பிறகு அவர் தட்டிவிட மாட்டார். எப்போதும் உணர்ச்சி உள்ள இடது பக்கம் தொடங்குங்கள். வலது பக்கம் மரத்துப் போயிருந்தால் சூடும் கடியும் அவருக்குத் தெரியாது. பத்து நிமிஷம் ஓடிய பிளேடு சுட ஆரம்பிக்கும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவருக்கும் சுடும்.

நீள முடியில் நேராக மிஷின் போடாமல், முதலில் தலைவாரும் சீப்பால் தூக்கிப் பிடித்துச் சீப்புக்கு மேலே நிற்பதைக் கத்தரியால் வெட்டி, தலை முழுக்க இரண்டு விரல் நீளத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, மிஷின் சரி செய்துவிடும். கத்தரி முனை மழுங்கியதாக இருக்கட்டும், முகத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்தே இருக்கட்டும். பிறகு மிஷின். பிடரியிலிருந்து மேல்நோக்கி, முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக. சீப்பு தலையில் முழுதாகப் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. பிடரியிலிருந்து உச்சி வரை போக மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். இந்த வேகம் ரொம்ப மெதுவாகத் தோன்றும், அதுதான் சரியான வேகம். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் மேல் பாதி ஏறி வர வேண்டும். உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் முடி வட்டமாகப் படிந்திருக்கும், அங்கே ஒரே திசையில் போனால் குடுமி மாதிரி கொஞ்சம் நின்றுவிடும். நாலு பக்கத்திலிருந்தும் சுழியை நோக்கி ஒவ்வொரு தடவை வாருங்கள். முன்நெற்றி ஓரத்தைக் கோடு போட்டு நேராக்க வேண்டாம், அது எப்படி இருக்கிறதோ அப்படியே அழகு.

காதைச் சுற்றி வெட்டும்போது இடது கையின் இரண்டு விரலால் மடலை முன்பக்கம் மடக்கிப் பிடியுங்கள். காதுக்குப் பின்னால் தோல் மிக மெல்லியது, வயதானவர்களுக்குச் சுருக்கம் வேறு. பிடரி ஓரத்தையும் கிருதாவையும் ஒழுங்கு செய்யச் சீப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஆபத்து இருப்பது அங்கே மட்டும்தான். கட்டை விரலால் தோலை மேலே இழுத்து விரித்துப் பிடித்து, மிஷினைத் தலைகீழாகத் திருப்பி, மேலிருந்து கீழே தொட்டுத் தொட்டு எடுங்கள். கை நடுங்கினால் அந்த ஓரத்தை விட்டுவிடுங்கள். பிடரி ஓரம் கோணலாக இருப்பது யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்பு, காரிமங்கலம் பக்கம் ஒரு பெரியவர், இதய நோய்க்காரர். வழக்கமான ஆள், அவர் தலையில் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும் என்ற நினைப்பில், பிடரியில் வெறும் மிஷின் போட்டேன். சுருக்கத்துக்குள் ஒரு மரு இருந்தது. மிளகு அளவுதான். அது அறுந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை நான் கேட்கவே இல்லை. படிக்காரம் வைத்தேன், நிற்கவில்லை. துண்டின் ஓரம் முழுக்கச் சிவந்துவிட்டது. அவர் மருமகள் கையால் அழுத்திப் பிடித்து, கால் மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் நின்றது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் மிஷினை எடுக்கும் முன் விரலால் தலை முழுக்கத் தடவி மரு, மச்சம், பழைய தையல் தழும்பு எல்லாவற்றையும் கண்டுகொண்டுதான் தொடங்குகிறேன். என்ன மாத்திரை என்றும் கேட்கிறேன். நீங்களும் செய்யுங்கள். ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதத்துக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகள் கொடுத்திருப்பார்கள், சின்னக் கீறலுக்கும் ரத்தம் நிற்க நேரமாகும். கீறல் பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மறுபடி பத்து நிமிஷம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. வெட்டப் போகிறோம் என்பதற்காக மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, கழுத்து. முடி வெட்டி முடித்ததும் தலையைத் திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, ஒகேனக்கல் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடமும் பார்த்திருப்பீர்கள். நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. கழுத்து எலும்புகளின் ஊடாக மூளைக்கு ரத்தம் போகும் குழாய் போகிறது. வெடுக்கென்று திருப்பினால் அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதமே வரலாம், அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் யாரும் உங்கள் அப்பா கழுத்தைத் தொட விடாதீர்கள். தலை அலசும்போதும் கழுத்தைப் பின்னால் தொங்கவிடாமல் கையால் தாங்கிப் பிடியுங்கள்.

முடிந்ததும் பிரஷ்ஷால் பிளேடு இடுக்கைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, அது காய்ந்த பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். காயும் முன் ஆன் செய்யாதீர்கள், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். பக்கத்து வீட்டில் மிஷினைக் கேட்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எங்கள் கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, ஒரு தெருவுக்கு ஒரு மிஷின் என்று சுற்றி வந்ததை நானே பார்த்தேன். கடை திறந்ததும் தலையில் படர்தாமரையோடு பிள்ளைகள் வந்தார்கள். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி காய்ந்த ரத்தத் துளியில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். இது அப்பாவுக்கு மட்டும் என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் அத்தை, உடம்பு சரியில்லாதவருக்கு முடி எடுத்தால் சளி பிடிக்கும் என்று தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். முடி எடுத்ததால் யாருக்கும் சளி பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் வெட்டிய பின் ஈரத் தலையோடு மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்தால் பெரியவர்கள் குளிரில் நடுங்குவார்கள், அதைப் பார்த்திருக்கிறேன். வெந்நீர்த் துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, ஒரு துண்டைத் தலையில் சுற்றிவிடுங்கள். அத்தை மனதுக்கும் நிம்மதி. மிஷின் போட்டால் முடி தடித்து வளரும் என்பது மட்டும் நிச்சயமாக இல்லை. வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் கைக்கு முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மீசையை மட்டும் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சாப்பாடு ஒட்டுகிறது, துடைக்கச் சிரமம் என்று வீட்டில் இருப்பவர்கள் எடுத்துவிடச் சொல்வார்கள். பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் மகன் சொன்னார். பெரியவருக்குப் பேச்சே இல்லை. நான் கண்ணாடியை அவர் முன் பிடித்து, மீசையைத் தொட்டு, எடுக்கவா என்று கேட்டேன். அசைக்க முடிந்த கையைத் தூக்கி மீசையை மூடிக்கொண்டார். உதட்டுக்கு மேல் வந்ததை மட்டும் கத்தரியால் நேராக்கிவிட்டேன். பிறகு கண்ணாடியை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். உங்கள் வீட்டில் கைக்கண்ணாடி இல்லை என்றால் ஒன்று வாங்கிவிடுங்கள். முதலிலும் காட்டுங்கள், முடிவிலும் காட்டுங்கள்.

ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினால் கத்தரி வேலையே இருக்காது, மிஷின் மட்டும் போதும், பத்து நிமிஷத்தில் முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை செய்வதாக இருந்தால் சனிக்கிழமை காலையில் தலை அலசிவிடுங்கள், ராத்திரி மிஷினைச் சார்ஜில் போட்டுவையுங்கள். வெட்டத் தொடங்கும் முன் நான்காம் நம்பர் சீப்பை மாட்டி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். தலையில் மருவோ தழும்போ கண்ணில் பட்டு சந்தேகம் வந்தால் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.